போக்காடு: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



இந்து வாலிபர்கள் கூடியிருக்கும் இம்மண்டபத்திலே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச நாம் எழுந்து நிற்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இதற்குக் காரணம் இம்மன்றத்து மாணவன் ஒருவனே. சில நாட்களுக்கு முன் அவன் எம்மிடம் வந்து, "ஐயா, 'ஸ்கேப்கோட்' என்ற சொல்லுக்குத் தமிழில் 'பலிக்கடா' என்று எழுதினேன், ஆசிரியரும் சரி என்று அடையாளம் இட்டார். ஆனால் 'ஸ்கேப்' என்றால் தப்புதல் அல்லவா? பலிக்கடா வெட்டுப்பட்டுச் சாகிற ஆடு. தப்பிய ஆடு எப்படிப் பலிக்கடா ஆகும்?" என்று கேட்டான்.

நாம் உடனே விடை கூறவில்லை. வீட்டுக்குப் போய் அகராதிகளைப் புரட்டினோம். சில நூல்களையும் பார்த்தோம். பார்க்கப் பார்க்க, அவன் கேட்டது ஒரு சொல்லைப் பற்றிய கேள்வி மாத்திரம் அன்று, நம் ஒவ்வொருவருடைய நடத்தையையும் பற்றிய கேள்வி என்பது புலப்பட்டது. அதனையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலிலே கதையைச் சொல்லிவிடுகிறோம். யூதருடைய வேதத்தில் லேவியராகமம் என்று ஒரு நூல் உண்டு. அதன் 16ஆம் அதிகாரத்திலே, ஆண்டுக்கு ஒருமுறை வரும் பாவ நிவாரண நாளின் கிரியைகள் விதிக்கப்பட்டிருக்கின்றன. அந்நாளிலே பிரதான குரு முதலில் ஒரு காளையைத் தன்னுடைய பாவத்துக்காகவும் தன் வீட்டார் பாவத்துக்காகவும் பலியிட வேண்டும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம். அடுத்து, சனங்களின் பொருட்டு இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். எது எதற்கு என்று குரு சீட்டுப் போட்டுப் பார்ப்பார். ஒரு கடா இறைவனுக்குப் பலியாகும். மற்றக் கடா உயிரோடு நிற்கும். குரு தம் இரு கைகளையும் அந்த உயிருள்ள கடாவின் தலையில் வைத்து, சனங்கள் செய்த குற்றங்கள் அனைத்தையும் வாய்விட்டு அறிக்கையிடுவார். அவ்வாறு அவற்றை அதன் தலைமேற் சுமத்திய பின், ஓர் ஆளின் கையில் அதனைக் கொடுத்து வனாந்தரத்துக்குப் போக்கிவிடுவார். கடாவைக் கொண்டுபோய் விட்டவனும் உடை தோய்த்துக் குளித்த பின்பே மறுபடி பாளையத்துக்குள் வரலாம்.

ஆகவே ஆடுகள் இரண்டு. மாணவன் சொன்ன பலிக்கடா முதலாவது ஆடு. 'ஸ்கேப்கோட்' என்பதோ இரண்டாவது ஆடு; வெட்டுப்படாமற் போன ஆடு. அவனுடைய ஐயம் நியாயமான ஐயமே.

இனி, இச்சொல் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். பெரும்பாலான சொற்களுக்குத் தாய் தந்தையர் யார் என்று நமக்குத் தெரியாது. இச்சொல்லுக்கோ தந்தையின் பெயரும் தெரியும், பிறந்த ஆண்டும் தெரியும். அவர் பெயர் வில்லியம் டின்டேல். ஆண்டு 1530.

டின்டேல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் கற்றவர். ஏர் பிடிக்கும் பையனும் வேதத்தைத் தன் தாய்மொழியிலே படித்தறிய வேண்டும் என்பது அவருடைய வேட்கை. அக்காலத்து இங்கிலாந்திலே திருச்சபையின் அனுமதியின்றி வேதத்தை ஆங்கிலத்திற் பெயர்ப்பது குற்றம். இலண்டன் ஆயரிடம் ஆதரவு கேட்டார், கிடைக்கவில்லை. 1524ஆம் ஆண்டிற் கடல் கடந்து ஜெர்மனிக்குப் போனார். இங்கிலாந்தில் எபிரேய மொழி அறிந்தவர்களை விரல் விட்டு எண்ணக்கூடிய காலத்தில் அம்மொழியை முயன்று கற்றார். 1526இல் அவருடைய புதிய ஏற்பாடும், 1530இல் மோசேயின் ஐந்து நூல்களும் ஆங்கிலத்தில் அச்சாகி, இரகசியமாக இங்கிலாந்துக்குள் நுழைந்தன. அந்த ஐந்து நூல்களிலேதான் 'ஸ்கேப்கோட்' என்ற சொல் முதன்முதல் எழுத்திலே தோன்றியது.

1535ஆம் ஆண்டில், நண்பன் போல் நடித்த ஒருவன் டின்டேலைக் காட்டிக்கொடுத்தான். அடுத்த ஆண்டு, பிரசெல்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள வில்வோர்டே என்னுமிடத்திலே அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1539இல், இங்கிலாந்து மன்னரின் ஆணையின் கீழே ஆங்கில வேதம் கோயில்கள்தோறும் வைக்கப்படலாயிற்று. அதன் பெரும்பகுதி டின்டேலின் உழைப்பு. 1611ஆம் ஆண்டின் புகழ்பெற்ற பெயர்ப்பும் அவருடைய சொற்களையே பெரிதும் எடுத்தாண்டது. 'ஸ்கேப்கோட்' என்பதும் அவற்றுள் ஒன்று. பிறர் பாவம் சுமந்து வெளியேறிய ஆட்டுக்குப் பெயர் தந்தவர், தாமும் நாடிழந்து அலைந்து பழி சுமந்து மாண்டார்.

சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். 'ஸ்கேப்' என்பது 'எஸ்கேப்' என்பதன் தலைக்குறை. முதலெழுத்துக் குறைந்த இவ்வடிவம் அக்கால ஆங்கிலத்திற் சாதாரணமாக வழங்கியது. இது பிரெஞ்சு வழியாக வந்த சொல். இதன் மூலத்தை இலத்தீனிலே காண்பவர்கள், போர்வையை விட்டு நீங்குதல் என்ற கருத்தில் அது பிறந்தது என்பர். பிடிக்க வந்தவன் கையிலே போர்வை மிஞ்ச, போர்த்தவன் ஓடிவிடுகிறான்! 'கோட்' என்பதோ இங்கிலாந்தின் பழைய சொல். ஆதியில் அது பெண்ணாட்டை மட்டும் குறித்தது, பின்னரே இருபாலுக்கும் பொதுவாயிற்று. இவ்வாறு வந்த சொல்லும் இருந்த சொல்லும் கைகோத்துப் புதுச்சொல் ஒன்று பிறந்தது.

நன்னூல் கற்கும் மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். ஊறுகாய், சுடுகாடு என்பன வினைத்தொகைகள். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலமும் அவற்றுள் மறைந்து நிற்கின்றன. 'ஸ்கேப்கோட்' என்பதையும் அவ்வாறே விரிக்கலாம்: தப்பிய ஆடு, தப்புகின்ற ஆடு, தப்பும் ஆடு. ஆனால் ஆங்கிலத்தில் வினையும் பெயரும் சேர்ந்த தொகைகள் எல்லாம் இப்படி அல்ல. 'பிக்பொக்கற்' என்றால் சட்டைப்பை அன்று, சட்டைப்பையிற் கைவைப்பவன். அது நமது அன்மொழித்தொகையைப் போன்றது. தொகைச்சொல்லின் பொருள் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைத் தேடிக் காண்பதே மொழிப்பயிற்சியின் இன்பம்.

டின்டேல் பெயர்த்த மூலச்சொல் யாது? எபிரேயத்தில் அது 'அசாசேல்'. இச்சொல்லின் பொருள் பற்றி அறிஞரிடையே பெரும் விவாதம் உண்டு. 'ஏஸ்' என்றால் ஆடு, 'ஆசல்' என்றால் போய்விட்டது. ஆதலால் அது போன ஆடு என்பது ஒரு பொருள். பழைய கிரேக்கப் பெயர்ப்பும் இலத்தீன் பெயர்ப்பும் அனுப்பப்பட்டது என்ற கருத்திலேயே சென்றன. டின்டேலும் அவ்வழியே போனார். யூத ஆசிரியர் சிலர், அது ஒரு கரடுமுரடான மலைப்பாறையின் பெயர் என்றனர். வேறு பலர், அது வனாந்தரத்தில் வாழும் ஒரு தீய சக்தியின் பெயர் என்றனர். இன்றைய ஆராய்ச்சியாளரிற் பெரும்பாலார் இக்கருத்தின் பக்கமே சாய்கின்றனர். 1885ஆம் ஆண்டிலே திருத்திய ஆங்கிலப் பெயர்ப்பு வெளிவந்தபோது, அதனைச் செய்தவர்கள் 'அசாசேல்' என்ற மூலச்சொல்லையே வைத்துவிட்டார்கள். அப்படியாயின், ஆங்கிலத்தில் வேரூன்றிய இச்சொல் ஒரு பிழையிலே பிறந்திருக்கவும் கூடும்!

தமிழிலே இதற்கு என்ன சொல் உண்டு? தமிழ் விவிலியத்திலே 'போக்காடு' என்று ஓர் அழகிய சொல் இருக்கிறது. போக்கு, ஆடு என்னும் இரண்டும் சேர்ந்து போக்காடு ஆயிற்று. இதனை வினைத்தொகையாக விரித்தால் இரண்டு பொருள் தோன்றும். ஊரிலிருந்து போக்கப்பட்ட ஆடு என்பது ஒன்று; ஊரின் பாவத்தைப் போக்கும் ஆடு என்பது மற்றொன்று. ஆங்கிலச் சொல் ஆடு தப்பியதை மாத்திரம் கூறுகிறது. தமிழ்ச் சொல்லோ அதனைத் துரத்தியவர்களையும் நினைவூட்டுகிறது. எமக்குத் தமிழ்ச் சொல்லே மேலானதாகப் படுகிறது.

பிற சமய நூலின் சொல்லை இங்கே ஆராய்வது தகுமோ என்று ஐயுறுவாருக்கு ஒன்று சொல்வோம். சைவமும் தமிழும் தழைக்க உழைத்த யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்கள், தம் இளமையிலே பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியிற் பல ஆண்டுகள் உழைத்தார்கள். அப்பெயர்ப்பு 1850ஆம் ஆண்டிற் சென்னையில் அச்சாயிற்று. அவர்கள் அதனாற் சைவத்தை விட்டார்களா? இல்லை, தம் சமயத்தை மேலும் உறுதியாகப் பற்றினார்கள். பிறர் நூலைக் கற்பதனால் நம் வேர் ஆடிவிடாது.

இனி, நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். இன்று 'ஸ்கேப்கோட்' என்ற சொல்லை எந்தப் பொருளில் வழங்குகிறார்கள்? பிறர் செய்த குற்றத்துக்காகப் பழி சுமத்தப்பட்டவன் என்ற பொருளில். இப்பொருள் 19ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. பழைய பொருளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பழைய கிரியையிலே, ஆடு குற்றம் செய்தது என்று எவரும் சொல்லவில்லை. ஆட்டின் தலையிலே கை வைத்தவர், "இவை எங்கள் குற்றங்கள்" என்று ஊரறியச் சொன்னார். அதற்கு முன்னரே தம்முடைய சொந்தக் குற்றத்துக்குத் தாமே பலியும் செலுத்தினார். புதிய வழக்கிலே ஆடும் இருக்கிறது, சுமத்துதலும் இருக்கிறது, துரத்துதலும் இருக்கிறது. ஒன்று மாத்திரம் இல்லை. "இது எங்கள் குற்றம்" என்ற அந்த ஒப்புதல் இல்லை. அதனை விழுங்கிவிட்டு, குற்றம் ஆட்டினுடையதே என்கிறோம். சொல் அதே சொல்லாய் நிற்க, அதன் உள்ளிருந்த நேர்மை வெளியேறிவிட்டது. உண்மையில் தப்பியது ஆடு அன்று. ஆட்டின்மேற் பழியைப் போட்டவனே தப்பினான். "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது இதனைத்தான்.

ஆடும் அதிக காலம் தப்பவில்லை. எருசலேம் ஆலயத்தின் பிற்காலத்திலே, அந்தக் கடாவின் கொம்பிற் சிவப்புக் கம்பளி நூல் கட்டி, மலை விளிம்பிலே பின்புறமாகத் தள்ளிவிட்டார்கள் என்று யூதருடைய மிஷ்னா என்னும் நூல் கூறுகிறது. விட்ட ஆடு ஊருக்குத் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் போலும்! கி.பி. 70இல் உரோமர் ஆலயத்தை அழித்ததோடு அக்கிரியையும் ஒழிந்தது.

ஆட்டோடு நின்றால் நன்று. பழைய ஏதென்ஸ் நகரத்திலே, தார்கேலியா என்னும் திருவிழாக் காலத்தில் ஊரின் தோஷம் நீங்கும் பொருட்டு மனிதர் இருவரையே துரத்தினார்கள். நம் காலத்துக்கு அண்மையிலும் அது நடந்தது. 1894ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டுப் படையிலிருந்து இரகசியங்கள் ஜெர்மனிக்குப் போவது வெளிப்பட்டது. பழி அல்பிரட் டிரைபஸ் என்ற யூதப் படையதிகாரியின் தலையில் விழுந்தது. 1895ஆம் ஆண்டு தை மாதத்தில், கூட்டத்தின் முன்னே அவருடைய பதவிச் சின்னங்களைப் பிய்த்தெறிந்து, வாளை ஒடித்து, கடலுக்கு அப்பால் உள்ள பிசாசுத் தீவுக்கு அனுப்பினார்கள். உண்மைக் குற்றவாளி எஸ்டர்ஹாசி என்ற வேறொரு படையதிகாரி என்பது 1896இலேயே மேலிடத்துக்குத் தெரியவந்தது. தெரிந்தும் மறைத்தார்கள். எழுத்தாளர் எமில் சோலா 1898இற் பத்திரிகையிலே பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டிய பிறகும், டிரைபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாக 1906 வரை சென்றது. போக்காட்டுக் கிரியையை உலகுக்குச் சொன்ன இனத்தின் மைந்தன் ஒருவனே போக்காடானான். பின்னர் ஜெர்மனியிலே, முதலாம் உலகப்போரின் தோல்வி முதல் நாட்டின் வறுமை வரை எல்லாவற்றையும் அந்த இனத்தின் தலையிலேயே சுமத்தினார்கள். அதன் முடிவு அறுபது இலட்சம் உயிர்கள்.

தூர தேசம் எதற்கு? 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், வடக்கே நடந்த ஒரு தாக்குதலுக்காக, அதனோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத கடைக்காரரும் எழுதுவினைஞரும் தாய்மாரும் கொழும்பிலே என்ன பாடு பட்டார்கள் என்பதை இங்கிருக்கும் பெரியோர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அக்காலத்திலே அயலவரை வீட்டில் ஒளித்துக் காத்த சிங்கள மக்களும் இருந்தார்கள். அவர்கள் ஆட்டைத் துரத்த மறுத்தவர்கள். அவர்களையும் நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஆனால் அன்பர்களே, நாம் போக்காடானதை மாத்திரம் சொல்லி முடித்துவிட்டால், நாமும் கிரியையைப் பாதியிலே விட்டவர்களாவோம். நம் கை யாருடைய தலையில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். கலியாணமாகி வந்த பெண் வீட்டில் கால் வைத்த மாதத்திலே மாமனார் நோயில் விழுந்தால், "இவள் வந்த நேரம்" என்கிறோம். கணவனை இழந்தவளை நல்ல காரியங்களில் முன்னே வர விடாமல் ஒதுக்குகிறோம். ஊர்க்கிணற்றிலே தண்ணீர் கெட்டால், அதனை அள்ளவே விடாத சாதியாரைச் சந்தேகிக்கிறோம். இவையெல்லாம் என்ன? நாவூறு கழித்துச் சந்தியிலே போடுகிறோமே, அதுபோல மனிதரையும் கழித்துச் சந்தியிலே போடுகிறோம்.

எம்முடைய கை வைக்கப்பட்ட தலை ஒன்றும் உண்டு. அதனையும் இன்று சொல்லிவிடுகிறோம். நாம் மாணவராய் இருந்த காலத்திலே எமது ஊரில் ஒரு விழா நடந்தது. கணக்கு எழுதும் பொறுப்பு எம்முடையது. விழா முடிந்து பணத்தை எண்ணியபோது 18 ரூபா குறைந்தது. அன்று அது சிறிய தொகை அன்று. அடுப்படியில் அண்டா கழுவி, தண்ணீர் அள்ளி, மூன்று நாளாய் ஓடியாடி உதவிய ஒரு பையன் இருந்தான், ஏழை. எவர் முதலில் அவன் பெயரைச் சொன்னார் என்பது ஞாபகம் இல்லை. ஆனால் சொன்னவுடன் எல்லாருக்கும் ஒரு நிம்மதி பிறந்தது மாத்திரம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவனை எவரும் அடிக்கவில்லை; ஏசவும் இல்லை. அடுத்த விழாவுக்கு அழைக்கவில்லை, அவ்வளவுதான். அவனும் வரவில்லை.

பல மாதங்களின் பின் பழைய கொப்பி ஒன்றைப் புரட்டியபோது, பெற்றோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு 18 ரூபா கொடுத்த துண்டு அதன் நடுவிலே கிடந்தது. கொடுத்தவர் நாமே. எழுத மறந்தவரும் நாமே. துண்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனோம். தாயோடு வன்னிப் பக்கம் போய்விட்டான் என்றார்கள். அதன் பின்னர் அவனை நாம் காணவில்லை. இத்தனை ஆண்டு கழித்து இம்மேடையிலே சொல்லுவதனால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை என்பதை அறிவோம். கேட்டிருக்கும் உங்களுக்காவது பயன்படட்டும்.

பாவத்தைப் பிறர் தலையில் ஏற்றிவிட முடியுமா? நமது சமயம் முடியாது என்கிறது. தன்வினை தன்னைச் சுடும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். வான்மீகி முனிவரைப் பற்றி வழங்கும் கதையை நினைத்துப் பாருங்கள். வழிப்பறி செய்து குடும்பத்தைக் காத்த வேடன், "என் பாவத்திற் பங்கு ஏற்பீர்களா?" என்று வீட்டாரைக் கேட்டான். உண்ட சோற்றிற் பங்கு கொண்டவர்கள் பாவத்திற் பங்கு கொள்ள மறுத்தார்கள். அன்றுதான் அவன் கண் திறந்தது. யூதருடைய மிஷ்னாவும் இதே கருத்தைச் சொல்லுகிறது: ஒருவன் மற்றொருவனுக்குச் செய்த குற்றம், அவனிடமே சென்று அவன் மனத்தை ஆற்றும் வரையில், பாவ நிவாரண நாளாலும் தீராது. ஆட்டைத் துரத்திய மக்களே, ஆட்டினால் மாத்திரம் ஆகாது என்று கண்டுகொண்டார்கள். இது பெரிய காரியம்.

பிறர் சுமையை ஏற்கும் உத்தம வழி ஒன்றும் உண்டு. பாற்கடலிலே நஞ்சு எழுந்தபோது, தேவரும் அசுரரும் நடுங்கி ஓடினார்கள். எம்பெருமான் அதனை வேறொருவர் வாயிலே ஊற்றவில்லை. தாமே வாங்கி உண்டார். கண்டம் கறுத்தது, உலகம் பிழைத்தது. பழியைத் தானே வாங்கிக்கொள்பவன் தலைவன். பழியைப் பிறர்மேல் ஊற்றுபவன் எந்த நாற்காலியில் இருந்தாலும் தலைவன் அல்லன்.

இளைஞர்களே, இம்மன்றத்திலே பிழைகள் நடக்கும். கணக்குத் தவறும், நாடகத்திலே திரை விழாமல் நிற்கும், அழைத்த விருந்தினர் வராதிருப்பார். அப்பொழுது உங்கள் கண்கள் தாமாகவே ஒரு தலையைத் தேடும். கூட்டத்திலே மெலிந்தவன், ஏழை, புதியவன், வாய் பேசாதவன் ஆகியோருடைய தலைதான் முதலிற் கண்ணுக்குப் படும். கை தூக்கும் முன்னே அந்தப் பழைய குருவை நினையுங்கள். அவர் முதலிலே தம் குற்றத்துக்குத் தாமே பலி செலுத்தினார். "இதில் என் பங்கு எவ்வளவு?" என்ற கேள்வியைத் தலைவர் முதலிற் கேட்கட்டும், அடுத்துச் செயலாளர் கேட்கட்டும், பின்னர் அங்கத்தவர் ஒவ்வொருவரும் கேட்கட்டும். எல்லாரும் கேட்டு முடிந்த பின்னர், ஆட்டுக்கு வேலை இராது.

கேள்வி கேட்ட மாணவனுக்கு எமது விடை இதுதான்: தம்பி, 'பலிக்கடா' என்று எழுதினால் ஆசிரியர் சரி என்பார், வழக்கிலும் அது இருக்கிறது. 'போக்காடு' என்று எழுதினால் சொல்லின் வரலாற்றையும் சேர்த்து எழுதியவனாவாய். எதை எழுதினாலும், அச்சொல்லுக்குப் பொருளாக ஒருவனை நீ ஆக்கிவிடாதே.